மணப்பாட்டிலிருந்து மோரோ தீவுகள் வரை: மறக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்ற சவேரியார்



ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழாவைச் சிறப்பிக்கிறோம். பாளையங்கோட்டை மறைமாவட்டப் பேராலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1923-இல் தொடங்கப்பட்ட தூய சவேரியார் கல்லூரியும் அவ்வாறே. சவேரியார், சவரிமுத்து, சவரியம்மாள், சேவியர் என்று யாருமே இல்லாத கத்தோலிக்கக் குடும்பத்தை நெல்லைச் சீமையில் காண்பது அரிது.

அவரைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த செய்திகள் சில உண்டு. மணப்பாட்டுக் குகை, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்றது, கோவாவில் வைக்கப்பட்டுள்ள திருவுடல், ஜப்பான் பயணம், சீனாவின் வாசலில் நேர்ந்த மரணம். ஆனால் மணப்பாட்டுக்கும் ஜப்பானுக்கும் இடையில், 1546-ஆம் ஆண்டில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, பாப்புவாவும் மெலனேசியத் தீவுகளும் தொடங்கும் இடத்துக்குச் சற்று இப்பால், எரிமலைகள் நிறைந்த தீவுகளில் அவர் இருந்தார். யாரும் போக விரும்பாத இடம் அது. அங்கே அவர் ஏன் போனார்? இந்தக் கேள்விக்கான விடையில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. நம்மை நோக்கிய ஒரு கேள்வியும் அதில் உண்டு.

மாற்று ஆளாக வந்தவர்

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடபகுதியான நவாராவில் சேவியர் கோட்டையில் பிரான்சிஸ் பிறந்தார். அவருடைய தந்தை நவாரா அரசில் உயர் பதவி வகித்தவர். பிள்ளைக்கு ஆறு வயதானபோது, 1512-இல், நவாரா அண்டை அரசின் படையிடம் வீழ்ந்தது. 1515-இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. பாதுகாப்பு இழந்தவர்களின் நிலை என்ன என்பதை அவர் பத்து வயதிலேயே தம் வீட்டில் கண்டார்.

1525-இல் படிப்பதற்காகப் பாரிஸ் நகருக்குச் சென்றார். படித்துப் பட்டம் பெற்று நல்ல பதவியில் அமர வேண்டும் என்பதே அவரது எண்ணம். 1529-இல் அவர் தங்கியிருந்த அறைக்கு வயதில் மூத்த மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்தான் புனித இஞ்ஞாசியார். பிரான்சிஸ் எளிதில் மனம் மாறிவிடவில்லை. ஆண்டுகள் சில சென்றன. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, இஞ்ஞாசியாரோடு சேர்ந்து ஏழு பேர் இறைவனுக்கு வாக்குறுதி கொடுத்தபோது பிரான்சிசும் அவர்களில் ஒருவராக இருந்தார். 1537-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் வெனிஸ் நகரில் குருவானார்.

1540-இல் இந்தியாவுக்கு மறைப்பணியாளர்களை அனுப்புமாறு போர்ச்சுக்கல் மன்னர் கேட்டபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சவேரியார் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட பொபதிய்யா என்பவர் நோயில் விழுந்துவிட்டார். கடைசி நேரத்தில் இஞ்ஞாசியார் சவேரியாரைக் கேட்டார். அவரும் உடனே இசைந்தார். நமக்கு இத்தனை பெரிய கொடையாக வந்தவர் ஒரு மாற்று ஆளாகத்தான் புறப்பட்டார் என்பதை நினைக்கும்போது, இறைவனின் திட்டம் எவ்வளவு வியப்புக்குரியது!

1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தமது 35-ஆம் பிறந்த நாளன்று, லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். பதின்மூன்று மாதங்களுக்குப் பின் 1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கோவாவை அடைந்தார்.

மேய்ப்பர் இல்லாத கடற்கரை

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வழியாக வந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அதன் வடக்கே தூத்துக்குடி, வேம்பாறு. தெற்கே வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு எனக் கன்னியாகுமரி வரை பரதவர் ஊர்கள். இதுவே முத்துக்குளித்துறை. முத்துக்குளிப்பு உரிமை பற்றிய மோதல்களில் நசுங்கித் தவித்த பரதவ மக்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். 1535-37 ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள்.

அதன்பின் நடந்தது என்ன? திருமுழுக்குக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். மக்களின் மொழி தெரிந்து, அவர்களோடு தங்கி, விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த நிலை நீடித்தது. 1542 அக்டோபரில் தமிழ் தெரிந்த மூன்று குருமட மாணவர்களோடு சவேரியார் இங்கே வந்து, நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் அந்த மக்களைக் குறை கூறவில்லை. அவர்களுக்குக் கற்பிக்க யாரும் இல்லை என்பதே அவரது வேதனை.

வரும் வழியில் ஓர் ஊரில் பெண்ணொருத்தி மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். சவேரியார் அந்த வீட்டுக்குள் நுழைந்து, செபித்து, நற்செய்தி சொல்லி, திருமுழுக்கு அளித்தார். குழந்தை நலமாகப் பிறந்தது. தாமிரபரணி முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள கொம்புத்துறைதான் அந்த ஊர் என்பது மரபு.

அவர் செய்த முதல் வேலை, இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி அமர்த்தி, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழில் ஆக்கியதுதான். பல மாதங்கள் பிடித்தன. பிறகு அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் வந்தவர்கள் பிள்ளைகள். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொன்னார்கள். நோயாளிகளின் வீடுகளுக்குத் தம் சிலுவையைக் கொடுத்து அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். தாம் அடுத்த ஊருக்குச் செல்லும்போது, மக்களைக் கூட்டிச் செபிக்க வைக்கவும் கற்பிக்கவும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார். அவர்களுக்கு ஊதியம் வேண்டுமே! இக்கரையின் வருவாயில் போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த தொகையைக் கேட்டுப் பெற்றார். இன்றைய நம் உபதேசியார்களின் முன்னோடிகள் அவர்களே.

சவேரியார் தமிழை நன்கு கற்றுத் தேர்ந்தவர் அல்லர். மனப்பாடம் செய்ததைச் சொன்னார். மற்றவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். மக்கள் அவரைப் புரிந்துகொண்டதற்குக் காரணம் அவருடைய இலக்கணம் அன்று. அவர் தங்கள் தெருவில் நடந்தார், தங்கள் நோயாளிகளைத் தேடி வந்தார், தங்களோடு இருந்தார் என்பதே காரணம்.

எட்ட முடியாத பாறை

1544 ஜூன் மாதம். வடுகர் படை தென்கோடி ஊர்களைத் தாக்கியது. கன்னியாகுமரிப் பகுதிப் பரதவர் உயிர் தப்பக் கடலில் இருந்த பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். சோறும் தண்ணீரும் இல்லாமல் அங்கே பலர் தவித்தார்கள். செய்தி மணப்பாட்டுக்கு வந்ததும் சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு தாமே புறப்பட்டார்.

ஆனால் காற்று எதிராக வீசியது. ஆனி மாதத்துத் தென்மேற்குக் காற்றில் தோணியைத் தெற்கே செலுத்துவது எப்படிப்பட்டது என்று நம் மீனவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு நாள்கள் கடலில் போராடியும் அந்தப் பாறைகளை எட்ட முடியவில்லை. திரும்ப வேண்டியதாயிற்று. பாறைகளில் சிலர் பசியாலும் தாகத்தாலும் மாண்டார்கள். எஞ்சியவர்கள் அகதிகளாக வந்தபோது அவர்களுக்கு உணவு திரட்டினார்; பின்னர் தரை வழியாகக் கால்நடையாகவே குமரிமுனை வரை சென்றார்.

புனிதர்களின் வாழ்வில் வெற்றிகளை மட்டுமே நாம் நினைவில் வைக்கிறோம். இது ஒரு தோல்வி. தம் மக்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மடியும்போது தம்மால் போய்ச் சேர முடியவில்லை என்ற வேதனையைச் சவேரியார் நம் கடலில்தான் அனுபவித்தார். அதோடு, மக்களைக் காக்க வேண்டிய போர்ச்சுக்கீசிய அதிகாரிகளே பேராசையால் அவர்களை வருத்துவதையும் கண்டு மனம் நொந்தார். 1545 ஜனவரியில் போர்ச்சுக்கல் மன்னருக்கே கண்டிப்பான கடிதம் எழுதினார். இந்த வேதனைகளைச் சுமந்துகொண்டுதான் அவர் அடுத்த பயணத்துக்கு ஆயத்தமானார்.

கிழக்கே ஒரு பயணம்

1545-இல் மயிலாப்பூர் சென்று, திருத்தூதர் தோமாவின் கல்லறை அருகே நான்கு மாதங்கள் தங்கிச் செபித்தார். கிழக்கே மக்காசார் என்னும் இடத்தில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் இருப்பதாகவும், அவர்களுக்குக் கற்பிக்க ஆள் வேண்டும் என்றும் கேள்விப்பட்டிருந்தார். நம் கரையில் கண்ட அதே நிலை! செபத்தில் தெளிவு கிடைத்ததும் கப்பலேறினார். செப்டம்பர் இறுதியில் மலாக்காவை அடைந்தார்.

அங்கே சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடியில் செய்ததையே மலாக்காவிலும் செய்தார். இரு மொழி தெரிந்தவர்களைக் கூட்டிச் செபங்களை மலாய் மொழியில் ஆக்கினார், மனப்பாடம் செய்தார். மக்காசார் பயணம் கைகூடாதபோது, இன்னும் தொலைவில், மலுக்குத் தீவுகளில் குரு இல்லாத கிறிஸ்தவ ஊர்கள் இருப்பதை அறிந்து அங்கே செல்ல முடிவெடுத்தார். 1546 ஜனவரி முதல் நாள் புறப்பட்டு, ஆறு வாரக் கடற்பயணத்துக்குப் பின் பிப்ரவரி 14-ஆம் நாள் அம்போன் தீவை அடைந்தார்.

அம்போனில் ஏழு கிறிஸ்தவ ஊர்கள் இருந்தன. குரு யாரும் இல்லை. அவர் ஒவ்வோர் ஊராகச் சென்று, திருமுழுக்குப் பெறாத குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். அக்குழந்தைகளில் பலர் சிறிது காலத்திலேயே இறந்துபோனார்கள். நோயுற்ற மாலுமிகளோடு ஸ்பெயின் நாட்டுக் கப்பல்கள் சில அங்கு வந்து சேர்ந்தபோது, இரவு பகல் பாராமல் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்.

இந்தக் காலத்தைச் சேர்ந்ததாகவே நம் கரையில் எல்லாரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தீவு விட்டுத் தீவு செல்கையில் புயல் வீசியது. சவேரியாரின் பாடுபட்ட சுரூபம் கடலில் விழுந்தது. மறுநாள் கரையில் நண்டு ஒன்று அதைத் தன் கொடுக்குகளில் ஏந்தி வந்து கொடுத்தது என்பது அந்த மரபு. ஓட்டில் சிலுவைக் குறி உள்ள நண்டைச் சிலுவை நண்டு என்று நம் மீனவர் சொல்லும்போது சவேரியாரையும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதை எந்தக் கடலில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பலரும் அறிவதில்லை. மலுக்குத் தீவுகளின் கடல்தான் அது.

1546 மே மாதம் அம்போனிலிருந்து இந்தியாவுக்குக் கடிதம் எழுதினார். நம் கடற்கரையில் தம்மோடு உழைத்த மான்சிலாஸ் என்பவரையும், பெய்ரா என்னும் குருவையும் இத்தீவுகளுக்கு வருமாறு பணித்தார். பெய்ரா புறப்பட்டார். மான்சிலாஸ் புறப்படவில்லை, அதனால் அவர் பின்னர் இயேசு சபையை விட்டு விலக்கப்பட்டார். அவரை நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. பழகிய ஊரை விட்டுப் பழகாத தீவுக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் நினைத்துக்கொள்வோம். அழைத்தவர் பாதுகாப்பான இடத்தில் அமர்ந்துகொண்டு அழைக்கவில்லை. தாம் முன்னே நின்றுகொண்டு அழைத்தார்.

மோரோ தீவுகள்

அம்போனிலிருந்து வடக்கே கிராம்புக்குப் பெயர்பெற்ற தெர்னாத்தே தீவுக்குச் சென்றார். போர்ச்சுக்கீசியரின் கோட்டை அங்கே இருந்தது. அங்கும் பிள்ளைகளுக்குச் செபங்களைப் பாட்டாகக் கற்பித்தார். தெருவில் சிறுவரும், வீடுகளில் பெண்களும், வயலில் உழைப்பவரும், கடலில் மீன் பிடிப்பவரும் விசுவாச அறிக்கையைப் பாடும் நிலை உருவாயிற்று.

அங்கேதான் மோரோ பற்றி முழுமையாக அறிந்தார். ஹல்மஹேரா தீவின் வடகிழக்குக் கரையும் மொரோத்தாய் தீவும் அதன் அருகிலுள்ள சிறு தீவுகளுமே மோரோ எனப்பட்டன. அங்கே வழங்கிய மொழிகள் மலாய் மொழியிலிருந்து வேறுபட்டவை. பாப்புவா பகுதி மொழிகளோடு உறவுடையவை என்று அறிஞர்கள் கூறுகின்றனர்.

அந்த மக்களின் கதையைக் கேட்டால் நம் கதையைக் கேட்பது போலவே இருக்கும். அண்டைப் பகுதியினரின் தாக்குதல்களால் வருந்திய மாமூயா என்ற ஊரின் தலைவர், போர்ச்சுக்கீசியரின் உதவியை நாடி 1534 அளவில் திருமுழுக்குப் பெற்றார். பல ஊர்கள் அவரைப் பின்பற்றின. ஆனால் விரைவிலேயே கலகம் மூண்டது. அங்கிருந்த சீமோன் வாஸ் என்னும் குரு கொல்லப்பட்டார். அதன் பிறகு பத்து ஆண்டுகளாக எந்தக் குருவும் அங்கே கால் வைக்கவில்லை. மக்கள் கிறிஸ்தவர்கள் என்ற பெயரோடு விடப்பட்டார்கள்.

சவேரியார் அங்கே போகப் போவதாகச் சொன்னதும் தெர்னாத்தேயில் இருந்த நண்பர்கள் பதறினார்கள். அங்கே நஞ்சு வைத்துக் கொல்வார்கள் என்று கண்ணீரோடு தடுத்தார்கள். அவரை ஏற்றிச் செல்லப் படகு கிடைக்காமல் செய்யவும் முயன்றார்கள் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர் உறுதியாக நின்றார். வேறு வழி காணாமல் நண்பர்கள் நஞ்சு முறிக்கும் மருந்துகளையாவது எடுத்துச் செல்லும்படி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் அன்போடு மறுத்துவிட்டார். மருந்தைச் சுமந்தால் அதோடு அச்சத்தையும் சுமக்க வேண்டியிருக்கும் என்பது அவர் எண்ணம். தமக்காகச் செபியுங்கள், அதுவே சிறந்த மருந்து என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டார்.

1546 செப்டம்பர் முதல் ஏறக்குறைய மூன்று மாதங்கள் மோரோவில் இருந்தார். ஊர் ஊராகக் கடலோரமாகச் சென்றார். அரிசியும் கோதுமையும் அங்கே இல்லை. சவ்வரிசி மரத்தின் சோற்றிலிருந்து செய்த அப்பமே உணவு. மரப்பட்டையே ஆடை. நல்ல தண்ணீரும் அரிது. எரிமலை குமுறியது, சாம்பல் கொட்டியது, நிலம் அடிக்கடி அதிர்ந்தது. செப்டம்பர் 29-ஆம் நாள், தூய மிக்கேல் அதிதூதர் திருவிழாவன்று, அவர் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது, பீடமே சாய்ந்துவிடுமோ என்று அவர் அஞ்சும் அளவுக்கு நிலம் நடுங்கியது.

அங்கே அவர் செய்த பணியில் புதுமை ஒன்றும் இல்லை. மணப்பாட்டில் செய்ததைத்தான் செய்தார். ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகளைத் தேடினார். நோயாளிகளைப் பார்த்தார். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். சிலுவை அடையாளத்திலிருந்து தொடங்கிச் செபங்களைக் கற்பித்தார். அச்சுறுத்தப்பட்ட நஞ்சு வரவில்லை. பத்து ஆண்டுகளாக யாரும் எட்டிப் பாராத மக்கள், தங்களைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார் என்பதை உணர்ந்துகொண்டார்கள்.

பின்னர் தம் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்தில், தம் வாழ்நாளில் இவ்வளவு உள்ளார்ந்த ஆறுதலை வேறெங்கும் அடைந்ததில்லை என்று தெரிவிக்கிறார். அந்தத் தீவுகளில் சில ஆண்டுகள் இருந்தால் ஆனந்தக் கண்ணீரிலேயே கண்பார்வை போய்விடும் என்னும் அளவுக்கு எழுதுகிறார். மோரோ என்ற பெயரை மாற்றி, இறைவனை நம்பியிருக்கும் தீவுகள் என்று அழைப்பதே பொருத்தம் என்றும் கருதினார். நல்ல உணவு இல்லை, துணை இல்லை, பாதுகாப்பு இல்லை. சாய்ந்துகொள்ள இறைவனைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்தில் அவர் மகிழ்ச்சி கண்டார்.

ஏன் இந்த மகிழ்ச்சி என்று சிந்தித்துப் பார்க்கையில், கன்னியாகுமரியின் பாறைகள் நினைவுக்கு வருகின்றன. அன்று காற்று அவரைத் திருப்பி அனுப்பியது. தவித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவரால் போய்ச் சேர முடியவில்லை. மோரோவில் போய்ச் சேர முடிந்தது.

மீண்டும் மணப்பாடு

1547 ஜனவரியில் தெர்னாத்தே திரும்பினார். உயிர்ப்பு விழாவுக்குப் பின் அங்கிருந்து விடைபெற்றார். மக்களின் அழுகையைத் தவிர்க்க வேண்டும் என்று நள்ளிரவில் கப்பலேற எண்ணினார். ஆனால் மக்கள் அறிந்து வந்துவிட்டார்கள். அவர்களது கண்ணீரிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை.

மலாக்கா வழியாக 1548 ஜனவரியில் கொச்சி வந்து சேர்ந்ததும் அவர் விரைந்து வந்தது நம்மிடம்தான். பிப்ரவரியில் மணப்பாட்டில், முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபையினரைக் கூட்டினார். அவர்களுக்கு எழுதிக் கொடுத்த அறிவுரைகள் மிக எளியவை. பிறந்த குழந்தைகளைத் தேடிச் சென்று திருமுழுக்கு அளியுங்கள், பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள், நோயாளிகளைச் சந்தியுங்கள், போர்ச்சுக்கீசியர் முன்னிலையில் இந்த மக்களைக் குறைத்துப் பேசாமல் அவர்களுக்காகப் பரிந்து பேசுங்கள், மக்கள் உங்களை அன்பு செய்யும்படி நடந்துகொள்ளுங்கள். இவையே அவற்றின் சாரம்.

அந்தக் குழுவில் இருந்த ஒருவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். நாம் அண்டிரிக் அடிகளார் என்று அழைப்பவர். சவேரியாரால் முழுமையாகச் செய்ய முடியாத ஒன்றை இவர் செய்தார். புன்னைக்காயலில் தங்கித் தமிழை ஆழமாகக் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் இவரது உழைப்பின் கனி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மக்களோடு வாழ்ந்து 1600-இல் இறந்தார். சவேரியார் கடந்து சென்றார். அண்டிரிக் அடிகளார் தங்கிவிட்டார். திருச்சபைக்கு இருவரும் தேவைப்பட்டார்கள்.

சவேரியார் 1549-இல் ஜப்பான் சென்றார். 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சீனாவின் கரையைப் பார்த்தபடி சான்சியான் தீவில், 46-ஆம் வயதில் உயிர் நீத்தார். மரண வேளையிலும் அவர் இருந்தது ஒரு தீவில்தான். அவரது உடல் 1554 மார்ச்சில் கோவாவுக்கு வந்தது. 1622-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை கோவாவில் திருவுடல் மக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டது.

இரு கரைகள்

மோரோ என்ன ஆயிற்று? பெய்ராவும் தோழர்களும் அங்கே பெரும் துன்பங்களுக்கிடையே உழைத்தார்கள். ஆனால் 1570-இல் தெர்னாத்தே சுல்தான் ஹைருனைப் போர்ச்சுக்கீசியர் வஞ்சகமாகக் கொன்றார்கள். அவருடைய மகன் பாபுல்லா போர் தொடுத்தார். 1575-இல் போர்ச்சுக்கீசியர் தெர்னாத்தேயை விட்டு வெளியேறினர். அந்தப் போரில் சிக்கிய மோரோவின் கிறிஸ்தவ ஊர்கள் படிப்படியாக நலிந்துபோயின. இன்று ஹல்மஹேராவில் உள்ள கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய புராட்டஸ்டாண்ட் பணியின் வழிவந்தவர்கள். கோட்டையில் இருந்தவர்கள் செய்த அநீதிக்கு, குடிசையில் இருந்த மக்கள் விலை கொடுத்தார்கள்.

நம் கரையிலோ அந்த விசுவாசம் நிலைத்தது. டச்சுக்காரர் ஆட்சி வந்தபோதும் நிலைத்தது. நம் முன்னோர் சிறந்தவர்கள், அவர்கள் தாழ்ந்தவர்கள் என்பது இதன் பொருள் அன்று. இங்கே தொடர்ந்து யாராவது ஒருவர் வந்துகொண்டே இருந்தார். கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். செபம் தாய்மொழியில் இருந்தது. அது தாயின் மடியில் பிள்ளைக்குக் கிடைத்தது.

நம்மை நோக்கிய கேள்வி

அன்புக்குரியவர்களே, சவேரியார் சென்ற வழியைக் கவனித்துப் பாருங்கள். முத்துக்குளித்துறை, அம்போன், மோரோ. மூன்றுமே திருமுழுக்குக் கொடுக்கப்பட்டு மறக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த இடங்கள். யாருக்கும் நற்செய்தியைச் சொல்வது ஒரு பணி. ஒரு முறை சொல்லிவிட்டு மறந்துபோனவர்களை மீண்டும் தேடிச் செல்வது இன்னொரு பணி. இரண்டாவதில் புகழ் குறைவு. காணாமல் போன ஆட்டைத் தேடிய நல்ல ஆயனின் வழி அதுதான்.

நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் எத்தனை பெயர்கள்! அவர்களில் எத்தனை பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? புதுநன்மை வாங்கியபின் கோவில் பக்கம் வராத இளைஞர்கள் உண்டு. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்ட பிள்ளைகளின் முதிய பெற்றோர் உண்டு. ஊரில் ஏதோ ஒரு சண்டையால் மனம் கசந்து ஒதுங்கிய குடும்பங்கள் உண்டு. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் திருப்பலி காணும் கிளைப்பங்குகள் உண்டு. வரி கொடுக்காதவர் என்று பட்டியலில் எழுதிவிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்காத வீடுகள் உண்டு. அவையே நம் மோரோ தீவுகள். அவற்றுக்குப் போக ஆறு வாரக் கடற்பயணம் தேவையில்லை. பல நேரங்களில் அடுத்த தெரு வரை நடந்தால் போதும்.

அங்கே போக வேண்டாம் என்று நம்மைத் தடுப்பவர்களும் உண்டு. அந்த வீட்டில் மரியாதை கிடைக்காது, அவர்கள் திருந்தமாட்டார்கள், உனக்கேன் வம்பு என்பார்கள். இவையெல்லாம் அன்பு நண்பர்கள் கொடுக்கும் நஞ்சு முறிப்பு மருந்துகள். அவற்றைச் சுமந்து சென்றால் அச்சத்தையும் சுமந்து செல்வோம்.

எல்லாரிடமும் நம்மால் போய்ச் சேர முடியாது. சவேரியாராலும் முடியவில்லை. இருபது தோணிகளோடு புறப்பட்டும் அவர் திரும்பி வந்தார். எனினும் அவர் புறப்பட்டார். கடல் வழி அடைபட்டபோது தரை வழியில் நடந்தார்.

வருகிற சவேரியார் திருவிழாவுக்கு முன் நவநாள் செபிப்போம், கொடி ஏற்றுவோம், சப்பரம் இழுப்போம். அதோடு, நம் அன்பியத்தில் நீண்ட நாளாக யாரும் எட்டிப் பாராத ஒரே ஒரு வீட்டுக்கு இருவராகச் சென்று வருவோம். போதனை செய்ய வேண்டாம். உட்கார்ந்து, நலம் விசாரித்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தால் போதும். அவர்கள் விரும்பினால் சேர்ந்து ஒரு செபம் சொல்வோம். அடுத்த மாதம் மீண்டும் போவோம்.

நம்மைத் தேடி ஒருவர் பதின்மூன்று மாதங்கள் கடலில் வந்தார். அந்தக் கடனை நாம் இப்படித்தான் திருப்பிச் செலுத்த முடியும்.

புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.